25 மெகாஹெர்ட்ஸ் க்ளாக்தானே என்று விட்டுவிடாதீர்கள்

பினாங்கின் பாயான் லெப்பாஸ் பக்கம் சர்க்யூட் போர்டு லேஅவுட் பண்ணும் தம்பி தங்கச்சிகளுக்கு.

க்ளாக் ரிங்கிங்கை, அதாவது சிக்னல் மாறியதும் வோல்டேஜ் மேலும் கீழும் அதிர்வதை, தீர்மானிப்பது அலைவெண் அல்ல, எட்ஜ் (சிக்னல் தாழ்விலிருந்து உயர்வுக்கு மாறும் இடம்) ஏறும் வேகம். அப்படி ஏற ஆகும் நேரமான ரைஸ் டைம் 1 நானோசெகண்ட் என்றால், எஃப்ஆர்4 என்னும் வழக்கமான கண்ணாடியிழை போர்டில் சுமார் 25 மில்லிமீட்டர் தாண்டிய டிரேஸே (செப்புத் தடமே) டிரான்ஸ்மிஷன் லைன்தான்: சிக்னல் முனையில் மோதி எதிரொலியாகத் திரும்பும்.

மருந்து ஒரு சீரிஸ் ரெசிஸ்டர். டிரைவரின் (க்ளாக்கை அனுப்பும் சிப்பின்) உள் இம்பீடன்ஸும், அதாவது அது காட்டும் மின் எதிர்ப்பும், ரெசிஸ்டரும் சேர்ந்து டிரேஸின் இம்பீடன்ஸுக்குச் சமமாக வேண்டும். 50 ஓம் டிரேஸ், டிரைவர் 17 ஓம் என்றால் 33 ஓம். டிரைவர் பின்னை ஒட்டியே வையுங்கள். ரிசீவர் பக்கம் வைத்து "வேலை செய்யலையே அண்ணே" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்! இது கடைசியில் ஒரே ஒரு லோடு உள்ள லைனுக்குத்தான். நடுவில் தொங்கும் சிப்புக்கு எதிரொலி திரும்பும்வரை பாதி வோல்டேஜ்தான் தெரியும், எட்ஜில் படி விழும். இரண்டு லோடா? தனித்தனி டிரேஸ், தனித்தனி ரெசிஸ்டர்.

எமிஷனுக்கு (போர்டு வெளியே விடும் ரேடியோ இரைச்சலுக்கு) முதலில் கிரவுண்ட் பிளேனை, அதாவது மின்னோட்டம் திரும்பிப் போகும் செப்புத் தளத்தைப் பாருங்கள். க்ளாக் டிரேஸ் பிளேனில் உள்ள வெட்டைக் கடந்தால் திரும்பும் மின்னோட்டம் சுற்றிப் போகும். அந்த வளையமே ஆன்டெனா. லேயர் மாறினால் பக்கத்திலேயே கிரவுண்ட் வயா (லேயர்களை இணைக்கும் செப்புத் துளை) ஒன்று. எமிஷன் அளவீட்டில் 75, 125, 175 மெகாஹெர்ட்ஸில் (25-இன் 3, 5, 7 மடங்கில்) முள் முளைத்தால் 25 மெகாஹெர்ட்ஸ் க்ளாக்கைத்தான் முதலில் சந்தேகிக்கணும். க்ளாக் அலைவெண்ணைச் சற்றே அலையவிடும் ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் அந்த முள்ளைத் தாழ்த்தும், ஆனால் ஈதர்நெட் ரெஃபரன்ஸ் க்ளாக்கில் அதைப் போடவே கூடாது.

ஆசிலோஸ்கோப் புரோபின் நீள கிரவுண்ட் வயரே பொய் ரிங்கிங் காட்டும். புரோப் முனையில் குட்டி ஸ்பிரிங் கிரவுண்ட் மாட்டி அளந்துவிட்டு அப்புறம் ரெசிஸ்டரை மாற்றுங்கள்.