நிறுத்தப் பழகிய ஆறு கிழமைகள்

யாழ்ப்பாண நகரத்தில் ஒரு ஹோட்டலின் கீழ்த்தளத்து பாரில் ஏழு வருடமாக, பாட்டின் அடியில் தாழ்ந்த ஒலி தரும் பேஸ் கிற்றார் வாசிக்கிறேன். வெள்ளி, சனி, ஞாயிறு. இரவு ஏழரைக்குத் தொடங்கினால் முடியப் பத்தரையாகும். ட்ரம்ஸ், கீபோர்ட், லீட் கிற்றார், பாடுகிற தம்பி, நான் என்று ஐந்து பேர். மேடை என்று தனியாக ஒன்றும் கிடையாது. பியர் போத்தல் அடுக்கிய பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இரண்டு மேசையை அகற்றிவிட்டால் அதுதான் எங்கள் இடம். நான் உயரமான ஸ்டூலில் இருந்து வாசிப்பேன், என் அம்ப் காலடியில் நிற்கும். நல்ல கூட்டம் என்றால் அறுபது பேர் இருப்பார்கள்.

எனக்கு அந்த அறையை நன்றாகப் பிடிக்கும். கூரை பதிவு, சுவர் கிட்ட, ட்ரம்ஸ் அடிக்கிறவனின் முழங்கை என் முழங்கையில் இடிக்கும். எந்த நோட் எங்கே போய் முட்டித் திரும்பும் என்பது கண்ணை மூடினாலும் தெரியும்.

மார்கழிக் கடைசியில் ஓர் அழைப்பு வந்தது. மாசியில் முற்றவெளியில் பெரிய இசை விழா, இந்தியாவிலிருந்து பாடகர்கள் வருகிறார்கள், அவர்களுக்கு முன்னால் நாற்பத்தைந்து நிமிடம் எங்களுக்கு. ஒன்பது பாட்டு. கோட்டைக்கு முன்னால் இருக்கும் அந்தத் திடலை நான் சைக்கிளில் கடந்து போயிருக்கிறேன், அங்கே நின்று மற்றவர்களுடைய கச்சேரி கேட்டிருக்கிறேன். அங்கே வாசிப்பேன் என்று நினைத்ததில்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

விழாவுக்கு சவுண்ட் செய்யவிருந்த அண்ணை அடுத்த கிழமையே பாருக்கு வந்து ஒரு மூலையில் இருந்து இரண்டு செற் முழுக்கக் கேட்டார். முடிந்ததும் என்னிடம்தான் முதலில் வந்தார்.

"தம்பி, நீர் நல்லா வாசிக்கிறீர். ஆனா இப்பிடி வாசிச்சா முற்றவெளியில சத்தம் மட்டும்தான் வரும், நோட் வராது."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் கதிரையை இழுத்துப் போட்டு விளக்கினார். பாரில் என் அம்பில் இருப்பது பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று. நோட்டை நான் நீட்டினாலும் ஆட்களின் கதையிலும் கோப்பைச் சத்தத்திலும் அது கரைந்துவிடும். முற்றவெளியில் பேஸுக்கென்றே பதினெட்டு அங்குலப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். தாழ்ந்த நோட் அதிலிருந்து கிளம்பினால் நிலத்தோடு போகும். முதல் நோட் போய் முடியுமுன் அடுத்ததைப் போட்டால் இரண்டும் கலந்து ஒரே முழக்கமாகிவிடும். "எப்ப தொடங்கிறது எண்டு உமக்குத் தெரியும். எப்ப நிப்பாட்டிறது எண்டு பாரும்" என்றார்.

அந்த ஆறு கிழமையும் நான் பார்த்த வேலை இதுதான். புதிதாக ஒரு வரியும் பழகவில்லை, எல்லாம் நிறுத்தப் பழகியதுதான்.

பேஸ் கிற்றாரில் நோட்டை நிறுத்துவது எளிது என்றுதான் நினைத்திருந்தேன். செய்து பார்த்தால் அப்படியில்லை. அழுத்திய இடது கை விரலைக் கம்பியிலிருந்து எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் திறந்த கம்பி மெல்ல முனகும். விரல் கம்பியில் தொட்டபடியே இருக்க, அழுத்தத்தை மட்டும் விடவேண்டும். அந்த நேரம் பக்கத்து விரலும் கம்பியில் படிந்தால்தான் கீச்சென்ற மேல் ஒலி வராது. வலது கைப் பெருவிரல் மேலே உள்ள தடித்த கம்பிகளை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். மெல்லிய ஜி கம்பியில் வாசிக்கும்போது தடித்த ஈ கம்பி தானாக அதிர்ந்துகொண்டிருப்பது பாரில் ஏழு வருடமாக என் காதில் விழவே இல்லை. போனில் பதிந்து இயர்போனில் கேட்டபோதுதான் பிடிபட்டது. ஒவ்வொரு நோட்டுக்கும் பின்னால் ஓர் அழுக்கு வால்.

தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்தேன். முதல் தட்டில் ஒரு நோட், இரண்டாம் தட்டு விழும் அந்தக் கணத்தில் நிறுத்தம். பிறகு பாதித் தட்டில் நிறுத்தம், பிறகு கால் தட்டில். விடியற்காலை ஒரு மணிநேரம் இதையே செய்தேன். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இண்டைக்கும் ஒரு நோட் தானோ?" என்று கேட்பாள். ஓம் என்பேன்.

அப்புறம் ட்ரம்ஸ் தம்பியோடு சேர்ந்து இருந்தேன். போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாளன்று பார் திறக்கக் கூடாது என்பது நாடு முழுவதுக்கும் உள்ள சட்டம். அந்த ஆறு கிழமைக்குள் இரண்டு போயா வந்தது. இரண்டு நாளும் கொக்குவிலில் அவனுடைய வீட்டுப் பின்னறையில் காலையிலிருந்து மாலை வரை. ஒவ்வொரு பாட்டிலும் நான் போடும் நோட்டுகளைத் தாளில் எழுதி, எது போனால் பாட்டு விழும், எது போனாலும் பாட்டு நிற்கும் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம்.

பைலாவில்தான் அதிக நேரம் போனது. பைலாவுக்கு ஆறு எண்ணிக்கை. போர்த்துக்கேயரோடும் அவர்களோடு வந்த ஆபிரிக்கர்களோடும் இந்தத் தீவுக்கு வந்த ஆட்டத்தின் தொடர்ச்சி அது. யாழ்ப்பாணத்தில் எந்தக் கலியாண வீட்டிலும் கடைசியில் அது இல்லாமல் ஆட்கள் எழும்பமாட்டார்கள். அந்த ஆறில் நான் ஐந்தை வாசித்துக்கொண்டிருந்தேன். பாரில் அது துள்ளலாக இருக்கும். தம்பி சொன்னான்: "அண்ணை, ஒண்டையும் நாலையும் மட்டும் வைச்சுப் பாருங்கோ." வைத்தால் பாட்டு செத்துவிட்டது. மூன்றைச் சேர்த்தோம், சரிவரவில்லை. ஆறைச் சேர்த்து அதை நுனி விரலால் தொட்டு உடனே அடக்கியபோது அவனுடைய கால் ட்ரம்மும் என் நோட்டும் ஒரே ஆளின் அடிபோல விழுந்தன. இரண்டு பேரும் வாசித்துக்கொண்டே ஒருவரையொருவர் பார்த்தோம். வெளியே அவனுடைய அம்மா முற்றம் கூட்டுவதை நிறுத்தி எட்டிப் பார்த்தார். "இப்பதான் பாட்டு மாதிரி இருக்கு" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அமெரிக்காவில் மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற பேஸ் கலைஞர், வலது கையின் ஒரே விரலால் வாசித்தவர். தட்டையாகச் சுற்றிய தடித்த கம்பி போட்டு, அது அறும்வரை மாற்றமாட்டாராம். பழைய தட்டைக் கம்பியில் நோட் குட்டையாக, உருண்டு விழும். நானும் அந்தக் கிழமைகளில் தட்டைக் கம்பிக்கு மாறினேன். இங்கே வியர்வை உப்பில் சாதாரணக் கம்பி இரண்டு மாதத்தில் மங்கிப்போகும், இது அதைவிடத் தாங்குகிறது. விலை கூடத்தான், ஆனாலும் ஒரு பேச்சும் இல்லாமல் வாங்கினேன்.

இன்னொன்று, நின்று வாசிப்பது. ஸ்டூலில் இருந்தே பழகிய எனக்கு நாலு கிலோ கிற்றாரை முக்கால் மணிநேரம் தோளில் தாங்குவது தொடக்கத்தில் முடியவில்லை. நின்றதும் மணிக்கட்டின் கோணமே மாறிவிட்டது. அகலமான தோல் பட்டி வாங்கி, நான் ஸ்டூலில் இருக்கும்போது கிற்றார் எந்த உயரத்தில் இருக்குமோ, நான் நிற்கும்போதும் அதே உயரத்தில் தொங்கும்படி கட்டையாகக் கட்டினேன்.

இரைச்சல் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது. நம் கரன்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். எர்த் சரியில்லாத இடத்தில் ஸ்பீக்கரில் ஊம் என்று வருவது அந்த 50 ஹேர்ட்ஸும் அதன் மடங்குகளும்தான். பேஸின் ஈ கம்பியில் மூன்றாம் கட்டையில் வரும் ஜி 49 ஹேர்ட்ஸ். கரன்டின் இரைச்சலும் என் நோட்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. பாரில் பிரிட்ஜ் உறுமும்போது ஜி வாசித்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதி அலைவது கேட்கும். அதைத் தவிர்க்க எர்த் முள்ளைக் கழற்றிவிடு என்று சொல்லும் ஆட்கள் எங்கும் இருக்கிறார்கள். பிளக்கே இல்லாமல் வயரைச் சொக்கெற்றில் விட்டுத் தீக்குச்சி குத்தி இறுக்கும் பழக்கத்தையும் கொட்டகைகளில் கண்டிருக்கிறேன். கை கம்பியில் இருக்க உதடு மைக்கில் பட்டால் அந்த எர்த் ஒன்றுதான் உங்களுக்கும் சாவுக்கும் நடுவில் நிற்கிறது. எர்த்தைக் கழற்றாதீர்கள், தம்பிமாரே. கிற்றாருக்கும் சவுண்ட் மேசைக்கும் நடுவில் போடும் டிஐ பெட்டி ஒன்று வாங்குங்கள். அதில் கிரவுண்ட் லிஃப்ட் என்ற சின்னச் சுவிட்ச் இருக்கும். அது ஒலி வயரின் உறையை மட்டும் பிரித்துவிடும், கரன்டின் எர்த் இருந்தபடி இருக்கும். பெரும்பாலும் இரைச்சல் அதோடு அடங்கும்.

இந்த நாட்களில் மாமாவின் ஞாபகம் அடிக்கடி வந்தது. தொண்ணூறுகளில் எங்களுக்குக் கரன்ட் இல்லை, பற்றரியும் இல்லை. மாமா சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றுவார், டைனமோவிலிருந்து வயர் எடுத்து கசெற் றேடியோ பாடும். கை களைத்தால் பாட்டும் களைக்கும். நாங்கள் பிள்ளைகள் முறைவைத்துச் சுற்றுவோம். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பாடகரின் குரல் வரும், வயலின் வரும், தபேலா கொஞ்சம் வரும். பேஸ் வராது. இளையராஜாவின் பாட்டுகளை அப்படியே நூற்றுக்கணக்கில் கேட்டு வளர்ந்தேன், அடியில் ஒரு ஆள் வாசித்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரியாமலே.

2002இல் சமாதானம் வந்து, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தது. அடுத்த வருடம் எங்கள் கோயில் திருவிழாவில் இரவு முழுக்கக் கோஷ்டி. நான் பின்வீதி மணலில் கடைசியில் இருந்தேன். எனக்கு ஒவ்வொரு எழுத்தும் பாடமான பாட்டைத் தொடங்கினார்கள். மணலுக்குள்ளால் ஏதோ வந்து முதுகெலும்பில் ஏறியது. அந்தப் பாட்டுக்குள் இன்னொரு பாட்டு இருந்தது. எழும்பி ஆட்களை விலத்திக்கொண்டு முன்னுக்குப் போய், நாலு கம்பி வாத்தியத்தோடு ஓரமாக நின்றவரைப் பார்த்தபடி விடியும்வரை நின்றேன்.

அதனால்தான் முற்றவெளியில் கடைசியில் நிற்பவருக்கு என்ன கேட்கும் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. சத்தம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 343 மீற்றர் போகும். நூறு மீற்றர் தள்ளி நிற்பவருக்கு என் நோட் போய்ச் சேர ஒரு செக்கனில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைய எடுக்கும், அவருடைய கைதட்டல் திரும்பி வர அதே அளவு. நிமிடத்துக்கு 100 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டு 0.6 செக்கன். ஆக, தூரத்துக் கூட்டம் சரியாகத் தட்டினாலும் மேடைக்கு அது கிட்டத்தட்ட ஒரு முழுத் தட்டு பிந்தித்தான் வரும். வேறு தூரங்களிலிருந்து வருவது வேறு வேறு அளவில் பிந்தும். ஒருமுறை ஓர் ஊர் விழாவில் அந்தக் கைதட்டலை நம்பி அதோடு போனேன். பாட்டு இழுபட்டது, ட்ரம்ஸ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பாடிய பிள்ளை நடுவில் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. இந்த முறை தம்பியின் கால் ட்ரம்மை மட்டும் கேட்பது என்று முடிவெடுத்து, மேடையில் எங்களுக்கு மட்டும் கேட்க வைக்கும் மொனிட்டர் ஸ்பீக்கரில் அதையும் குரலையும் தவிர வேறொன்றும் வேண்டாம் என்று அண்ணையிடம் சொல்லிவிட்டேன்.

நிகழ்ச்சிக்கு முதல்நாள் பின்னேரம் மூன்று மணிக்கு சவுண்ட் செக். வெயில் சுட்டது, பண்ணைப் பக்கத்துக் கடற்காற்று மட்டும் துணை. என் கிற்றாரை ட்ரம்ஸ் தம்பியின் தம்பியிடம் கொடுத்தேன். பதினாறு வயது, பழக ஆசைப்படுகிற பெடியன். திறந்த ஈ கம்பியை நாலு தட்டு வாசித்து, ஐந்தாவதில் நிறுத்திவிட்டு, நிறுத்தும்போதே வலது கையை உயர்த்திக் காட்டு என்று சொல்லிவிட்டுத் திடலில் இறங்கினேன்.

நடுவில் நின்றால் வயிறு அதிர்ந்தது. வலப்பக்கம் சில எட்டு வைத்தேன், பேஸ் இல்லை. இன்னும் சில எட்டு, திரும்ப வந்தது. அண்ணைக்குக் கை காட்டினேன், அவரும் வந்து நடந்து பார்த்தார். அந்த ஈ நோட் 41 ஹேர்ட்ஸ், அதன் அலை எட்டு மீற்றருக்கு மேல் நீளம். மேடையின் இரண்டு பக்கமும் பெட்டிகள் இருந்தால், ஒன்றின் தூரம் மற்றதைவிட நாலு மீற்றர் கூடும் இடத்தில் ஒன்றையொன்று அழித்துவிடும். அண்ணை ஒரு வார்த்தை பேசாமல் பெடியளைக் கூப்பிட்டு, இரண்டு பக்கத்துப் பெட்டிகளையும் இழுத்து மேடைக்கு முன்னால் ஒரே வரிசையாக வைப்பித்தார். ஒன்றரை மணிநேர வேலை. மற்றக் குழுக்கள் காத்துக்கொண்டிருந்தன. அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பிறகு மறுபடி நடந்தேன். நடு, வலம், இடம், சவுண்ட் மேசை, அதற்கும் பின்னால், தடுப்புக் கம்பி தாண்டி வீதியோரம் வரைக்கும். ஒரு கச்சான் வண்டிக்காரர் நாளைக்கு இடம் பிடிக்க வந்து நின்றார். திரும்பிப் பார்த்தால் மேடையில் பெடியன் விரல் அளவில் தெரிந்தான். நோட் மெல்லியதாக, ஆனால் முழுதாக வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அவனுடைய வலது கை மேலே போனது. நோட் இன்னும் என் காலடியில் இருந்தது. பிறகு, வாலில்லாமல், சுத்தமாக நின்றது.

"நல்லாக் கேக்குது தம்பி" என்றார் கச்சான்காரர். இன்னொருக்கா என்று பெடியனுக்குக் கை காட்டினேன்.