அம்மன் பாட்டு ஓடுகிறது, கேட்பது ராஜா பாட்டு

எங்கள் கார் 2010 மாடல். 2016இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினோம். அதில் கம்பெனியே பொருத்திக் கொடுத்த செட்: சிடி உண்டு, எஃப்.எம். உண்டு, ஆறு பட்டன்கள் உண்டு. ஆக்ஸ் கிடையாது, யூஎஸ்பி கிடையாது, புளூடூத் என்ற பேச்சே கிடையாது. ஆனால் நடுவில் ஒரு குமிழ் இருக்கிறது. எலுமிச்சம்பழம் அளவு, சுற்றிலும் வரிவரியாக ரப்பர். கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் கையை நீட்டினால் அகப்படும். ஒரு திருகில் சத்தம் அடங்கும்.

இந்தக் குமிழைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எனக்கு வீடு திருவொற்றியூர் தேரடி பக்கம், வேலை மீஞ்சூரில். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறேன். மணலி புதுநகர், வல்லூர் வழியாகத் தினமும் போய்வருகிறேன். இந்தப் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் தொடுதிரையில் விரலால் கோடு இழுத்துச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டிருக்க முடியாது. அதனால், "செட்டையே மாத்திடு, ஆண்ட்ராய்டு போட்டுக்கோ" என்று வீட்டிலும் ஸ்டாஃப் ரூமிலும் சொன்னபோதெல்லாம் நான் அசையவில்லை. ஒரு கடையில் கேட்டும் பார்த்தேன். ஒன்பதாயிரத்து ஐந்நூறு, அதோடு டேஷ்போர்டின் வளைவைக் கொஞ்சம் அறுக்க வேண்டும் என்றார்கள். டேஷ்போர்டை அறுப்பதா! வந்துவிட்டேன்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். லைட்டர் ஓட்டையில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் ஒன்று வாங்கினேன். ஃபோனிலிருந்து புளூடூத்தில் பாட்டை வாங்கி, சின்ன வானொலி நிலையம் மாதிரி ஒலிபரப்பும். செட்டில் அந்த எண்ணை வைத்தால் பாட்டு வரும். பிரச்சினை, சென்னையில் காலி எண் கிடைப்பதுதான். 91.1, 92.7, 93.5, 98.3, 101.4, 102.3, 106.4 என்று வரிசையாக ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே 88 பக்கம்தான் கொஞ்சம் இடம். நான் 88.1 வைத்தேன். இந்தக் கருவி வைத்திருக்கும் எல்லோருமே அங்கேதான் வந்து சேருகிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

ஒரு நாள் எர்ணாவூர் பக்கம் லாரி வரிசையில் நிற்கிறேன். ராஜா பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அது நின்று, தெலுங்குப் பாட்டு. கரகரப்பு இல்லை, கலப்படம் இல்லை, சுத்தமான தெலுங்குப் பாட்டு. பக்கத்து லாரி நகர்ந்ததும் ராஜா திரும்பி வந்தார். இது எஃப்.எம். ரிசீவரின் குணம். ஒரே அலைவரிசையில் இரண்டு சிக்னல் வந்தால் அது கலந்து தராது. பலமானதைப் பிடித்துக்கொண்டு மெலிந்ததை அமுக்கிவிடும். ஏ.எம். என்றால் இரண்டும் சேர்ந்து கேட்கும். விமானங்கள் இன்றும் ஏ.எம்.மில் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம்: இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் முழுதாக மறைந்துவிடக் கூடாது. பாடத்தில் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவேன். ரோட்டில் காது குளிரக் கேட்டது அன்றுதான்.

லாரி பாட்டு என் வண்டிக்குள் வரலாம் என்றால், என் வண்டியில் ஓடுவதும் லாரிக்குள் போகலாம் அல்லவா? அது எனக்கு உறைக்கவில்லை. அடுத்த வாரமே தங்கை ஃபோன் செய்தாள். நான் பேசுவது டிரான்ஸ்மிட்டரில் போகாது. எதிர்முனைக் குரல் மட்டும்தான் போகும். அவள் மாமியார் வீட்டுச் சீமந்தத்தில் யார் எவ்வளவு மொய் வைத்தார்கள் என்பதிலிருந்து, யாருக்குப் புடவை கொடுக்கவில்லை என்பது வரை பத்து நிமிடம் பேசினாள். வைத்த பிறகு பக்கத்து லாரியிலிருந்து ஒரு பையன் குனிந்து பார்த்து, "அக்கா, உங்க தங்கச்சி சொல்றதுதான்க்கா நியாயம். புடவை குட்த்துருக்கணும்" என்றான்.

அன்று மாலையே டிரான்ஸ்மிட்டரைப் பிடுங்கி மகனிடம் கொடுத்துவிட்டேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோடு துணிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் பாய் கடை இருக்கிறது. ஒரு காலத்தில் டேப் ரிக்கார்டரும் மைக் செட் ஆம்ப்ளிஃபையரும் மட்டும்தான் பார்ப்பார். இப்போது மிக்ஸி, ரிமோட், எமர்ஜென்சி லைட் எல்லாம். பள்ளி ஆண்டு விழாவுக்கு மைக் செட் ரிப்பேர் செய்ததில் பழக்கம். விஷயத்தைச் சொன்னேன். செட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "டீச்சரம்மா, கோடு நம்பர் வச்சிக்கீறீங்களா?" என்றார். சில பழைய செட்டுகளில் திருட்டுக்குப் பயந்து ஒரு பூட்டு வைத்திருப்பார்கள். ஒயரைக் கழற்றி மறுபடி மாட்டினால் நான்கு இலக்க எண் கேட்கும், தெரியாவிட்டால் செட் வெறும் டப்பா. வீட்டுக்கு வந்து கையேட்டைப் புரட்டினேன். பின் அட்டையில் முன்னாள் சொந்தக்காரர் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். முகம் தெரியாத அந்தப் புண்ணியவானுக்கு நன்றி.

ஞாயிற்றுக்கிழமை வேலை. எலக்ட்ரானிக் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவுக்கு முந்தின நாளே போய் மூன்று சாமான் வாங்கினேன்: தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு புளூடூத் ஆடியோ போர்டு, 12 வோல்ட்டை 5 ஆக்கும் கன்வெர்ட்டர், கொஞ்சம் ஷீல்டு ஒயர். முந்நூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்தது.

பாய் செட்டை உருவி மேசையில் வைத்து, யூபிஎஸ் பேட்டரி ஒன்றில் இணைத்தார். உள்ளே ஒரு சிடி இருந்தது. என் மாமியாரின் அம்மன் பாட்டு சிடி. எப்போது போட்டதோ, அங்கேயே குடியிருக்கிறது. "இருக்கட்டும், இதுதான் வேணும்" என்று அதையே ஓடவிட்டார். மேல் தகட்டைக் கழற்றினார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய ஹெட்ஃபோனை எடுத்தார். அதன் ஒயரில் ஒரு முனை முதலைக் கிளிப், இன்னொரு முனையில் ஒரு சின்ன மின்தேக்கி. (அவர் கண்டென்சர் என்பார். நானும் வகுப்புக்கு வெளியே கண்டென்சர்தான்.) கிளிப்பைத் தகட்டில் கவ்வவிட்டு, மின்தேக்கியின் காலை போர்டில் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போனார். ஒரு இடத்தில் உஸ்ஸென்று இரைச்சல். ஒரு இடத்தில் ஒன்றுமில்லை. சிடி பக்கமிருந்து வரும் பட்டை ஒயரைத் தாண்டி ஒரு இடத்தில் தொட்டதும் அவர் முகம் மாறியது. ஹெட்ஃபோனைக் கழற்றி என் காதில் வைத்தார். மெலிசாக, ஒரு காதில் மட்டும், உடுக்கைச் சத்தத்தோடு அம்மன் பாட்டு. "இது லெஃப்ட்டு. பக்கத்துல ரைட்டு." மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் எழுபதாயிரம் ரூபாய் ஆசிலோஸ்கோப் இருந்தாலும் நான் அரை மணி நேரம் தேடியிருப்பேன்.

விஷயம் இதுதான். சிடியிலிருந்து வரும் இடது, வலது சத்தம் இரண்டு மின்தேக்கிகள் வழியாக வால்யூம் ஐசிக்குப் போகிறது. அந்த இரண்டின் ஒவ்வொரு காலைத் தூக்கிவிட்டால் சிடியின் சத்தம் அங்கேயே நின்றுவிடும். அந்த இடத்தில் புளூடூத் போர்டின் சத்தத்தைப் புது மின்தேக்கிகள் வழியே விட்டால், செட் அதைச் சிடி என்றே நினைத்துக்கொள்ளும். குமிழ், பாஸ், ட்ரெபிள் எல்லாம் பழையபடி வேலை செய்யும். நான், "செட் போர்டுல இருக்கிற செம்புக் கோட்டையே வெட்டிடலாமே பாய்?" என்றேன். "வெட்டுனா வெட்டுனதுதான். காலைத் தூக்குனா நாளைக்குத் திரும்ப வச்சிக்கலாம்" என்றார். ஒரே ஒரு நிபந்தனை: செட் சிடி மோடில் இருக்க வேண்டும், அதற்கு உள்ளே ஏதாவது ஒரு பாட்டு சிடி சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். சிடி இல்லையென்றால் செட் அந்தப் பக்கமே போகாது. அம்மன் சிடி இருக்கவே இருக்கிறது.

சால்டர் செய்து மூடியபோது எல்லாம் சரி. ஃபோன் இணைந்தது. ஆனால் பாட்டு வெட்டி வெட்டி வந்தது. அதற்கு நான்தான் பொறுப்பு. போர்டைச் செட்டுக்குள்ளேயே வைத்துவிடலாம் என்று சொன்னது நான். செட் முழுக்கத் தகரப் பெட்டி. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தகரத்தைத் தாண்டி எப்படி வரும்? ஃபாரடே கூண்டு பாடம் நடத்துகிறவள் செய்கிற வேலையா இது? பாய் ஒன்றும் சொல்லாமல் ஷீல்டு ஒயரை நீட்டி, போர்டை வெளியே எடுத்து, கையுறைப் பெட்டிக்குப் பின்னால் பிளாஸ்டிக்கில் ஒட்டினார்.

அப்புறம் அடுத்த தலைவலி. எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் ங்ங்ங்ங் என்று ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தமும் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் சத்தம். கன்வெர்ட்டரின் எர்த் ஒரு வழியாகவும் ஆடியோவின் எர்த் இன்னொரு வழியாகவும் போய்ச் சேரும்போது, நடுவில் உண்டாகும் சிறு மின்னழுத்த வித்தியாசமே பாட்டோடு கலந்துவிடுகிறது. பாய் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு, பாடி எர்த் போல்ட்டைக் கழற்றிக் காட்டினார். அடியில் பச்சையும் பழுப்புமாகத் துரு. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் வண்டி; எங்கள் தெருவில் ஜன்னல் கம்பியே மூன்று வருடத்துக்கு மேல் தாங்காது. உப்புத்தாள் வைத்துப் பளபளவென்று தேய்த்து மாட்டியதும் சத்தம் பாதியாகக் குறைந்தது.

மீதிப் பாதிக்கு மறுபடி ரிச்சி தெரு. பி0505எஸ் என்று ஒரு கறுப்புக் கட்டி, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. 5 வோல்ட் உள்ளே போகும், 5 வோல்ட்டே வெளியே வரும். இதற்கு எதற்குக் காசு என்று தோன்றும். ஆனால் உள்ளே ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. மின்சாரம் தாண்டிப் போகும், ஒயர் தொடர்பு கிடையாது. எர்த் வளையம் அங்கே அறுந்துவிடும். ஒரு வாட்தான் தரும், அதாவது 200 மில்லி ஆம்பியர். இந்தப் போர்டுக்கு அது தாராளம். நூறு ரூபாய்க்கும் குறைவு. மாட்டியதும் ங்ங்ங் போன இடம் தெரியவில்லை. பாய் கூலி ஐந்நூறு, டீ என் கணக்கு.

இப்போது எர்ணாவூரில் எத்தனை லாரி பக்கத்தில் நின்றாலும் ராஜா நகர்வதில்லை. புளூடூத் ஒரே எண்ணில் உட்காராது. 79 அலைவரிசைகளுக்குள் வினாடிக்கு 1600 தடவை வரை தாவிக்கொண்டே இருக்கும், எந்த வரிசையில் தாவுவது என்பது என் ஃபோனுக்கும் போர்டுக்கும் மட்டும் தெரிந்த ஏற்பாடு. தங்கை எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். செட்டில் ஒரு பட்டனைத் தட்டினால் பழையபடி 101.4 வருகிறது.

ஒரு குறை இருக்கிறது. வண்டியைக் கிளப்பும் ஒவ்வொரு முறையும் போர்டுக்குள்ளிருந்து ஒரு பெண்மணி, ஊரையே எழுப்புகிற குரலில், "தி புளூடூத் டிவைஸ் இஸ் ரெடி டு பேர்" என்கிறார். அதை நிறுத்த வழி கிடைக்கவில்லை. காலை ஆறரை மணிக்கு எதிர் வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே திரும்பிப் பார்க்கிறார்.

ஆடியில் மாமியாரைப் பெரியபாளையம் கூட்டிப் போனோம். பின் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் செட்டின் திரையில் ட்ராக் 04 என்று ஓடுவதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"நான் போட்ட அம்மன் சிடி எங்கடி?"

"உள்ளதான் ஓடிக்கிட்டிருக்கு அத்தை."

"ஓடுதா? சத்தமே காணோமே. சினிமாப் பாட்டுல்ல கேக்குது?"

மகன் முன்னால் சாய்ந்து, கண்டென்சர் காலைத் தூக்கிய கதையை எனக்கு முன்பே சொல்லி முடித்துவிட்டான். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்போ அந்தப் பாயிகிட்ட சொல்லி வெள்ளிக்கிழமைக்கு மட்டும் அந்தக் காலைக் கீழ இறக்கிவுடச் சொல்லு."

பாயிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, இடது, வலது இரண்டையும் சேர்த்து மாற்றும் சின்ன சுவிட்ச் ஒன்று போட்டால் போதும், இருபது ரூபாய் என்றார். வருகிற ஞாயிறு வண்ணாரப்பேட்டை.