கல்யாண போட்டோகிராஃபியில் அசிஸ்டென்டாகச் சேரப் போகிறவர்கள் என்ன கேமரா வாங்கலாம்?

கடைக்குப் போவதற்கு முன்னால், யாரிடம் அசிஸ்டென்டாக வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் வைத்திருப்பது கேனானா, நிக்கானா, சோனியா, அதில் எந்த மாடல் என்று கேளுங்கள். அதே மவுன்ட்டில்தான் (லென்ஸைக் கேமராவில் மாட்டும் வளையம்) நீங்களும் வாங்க வேண்டும். மூன்றில் எது சிறந்தது என்று யூடியூபில் மணிக்கணக்காகப் பார்ப்பது இந்த வேலைக்கு உதவாது, மூன்றுமே மண்டபத்துக்குப் போதும். ஆனால் முகூர்த்தம் நெருங்கும்போது மெயின் போட்டோகிராபர் தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் தன் 70-200 எம்எம் லென்ஸைக் கையில் கொடுத்து, "தம்பி, சைடுல போய் நில்லு, நாத்தனார் தாலி முடி போடுறதை விட்டுடாதே" என்பார். மவுன்ட் வேறாக இருந்தால் அந்த லென்ஸ் உங்களுக்குப் பயன்படாது. பேட்டரி, சார்ஜர், ஃப்ளாஷ், அதைத் தூரத்திலிருந்து அடிக்க வைக்கும் ட்ரிக்கர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆல்பத்தில் இரண்டு பேர் எடுத்த படமும் ஒரே பக்கத்தில் வரும்போது, தோல் நிறத்தை ஒன்றுபடுத்துவதும் சுலபமாகிறது.

பாடியில், அதாவது லென்ஸ் இல்லாத கேமராவில், விட்டுக்கொடுக்கவே கூடாத அம்சம் ஒன்று உண்டு: இரண்டு கார்டு ஸ்லாட். தாலி கட்டுவதை இரண்டாவது முறை எடுக்க முடியாது. நிக்கான் டி750, இசட்6 மார்க் 2, கேனான் 5டி மார்க் 3, மார்க் 4, ஆர்6, சோனி ஏ7 மார்க் 3 ஆகியவற்றில் இரண்டு ஸ்லாட் இருக்கிறது. கேனான் 6டி மார்க் 2, ஆர்பி, ஆர்8, சோனி ஏ7 மார்க் 2, நிக்கானின் முதல் இசட்6 இவற்றில் ஒன்றுதான். விலை குறைவு என்று அந்தப் பக்கம் சாய வேண்டாம். வாங்கிய பிறகு மெனுவில், ஒரே படத்தை இரண்டு கார்டிலும் எழுதும் 'பேக்கப்' முறைக்கு மாற்றிவிடுங்கள். சில கேமராக்களில் ஒரு கார்டு நிறைந்த பிறகு அடுத்ததில் எழுதும் முறைதான் முதலில் இருக்கும், அதனால் ஒரு பாதுகாப்பும் இல்லை. 5டி மார்க் 3 வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் எஸ்டி ஸ்லாட் மெதுவானது. இரண்டிலும் ரா (கேமரா மெருகேற்றாமல் பதியும் மூலக் கோப்பு) எழுதச் சொன்னால் தொடர்ந்து அடிக்கும்போது கேமரா நின்று நின்று எடுக்கும். இன்னொரு ஸ்லாட்டில் போடும் சிஎஃப் கார்டில் ராவும் எஸ்டியில் ஜேபெக்கும் போதும்.

கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் பாடிக்குப் போகக் கூடாது. அதனால் முதல் பாடி செகண்ட் ஹேண்டாக இருப்பதில் தவறில்லை, பார்த்து வாங்கினால் சரி. ஷட்டர் கவுன்ட், அதாவது அதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கேளுங்கள். டி750, 5டி மார்க் 3 இரண்டுக்கும் கம்பெனி சொல்லும் ஷட்டர் ஆயுள் 1,50,000 படம். அபெர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளை) எஃப் 16-இல் வைத்து வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், சென்சாரில் இருக்கும் தூசியும் எண்ணெய்த் துளியும் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். இரண்டு ஸ்லாட்டிலும் கார்டு போட்டு எடுங்கள். ஃப்ளாஷை மாட்டி லேசாக ஆட்டிக்கொண்டே பத்துப் படம் எடுங்கள். கல்யாணத்தில் உழைத்த பாடியில் ஃப்ளாஷ் மாட்டும் ஹாட் ஷூ தளர்ந்திருப்பது மிகச் சாதாரணம், பேரம் பேசும்போது அதை யாரும் பார்ப்பதில்லை. லென்ஸுக்குப் பின்னாலிருந்து மொபைல் டார்ச் அடித்தால், ஃபங்கஸ் இருந்தால் சிலந்தி நூல் மாதிரி தெரியும். அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

முதல் லென்ஸ் 24-70 எஃப் 2.8. சோனிக்காரர்களுக்கு டாம்ரான் 28-75 எஃப் 2.8 விலையும் எடையும் குறைவு. பாடியோடு வரும் கிட் லென்ஸ், ஜூம் செய்ததும் எஃப் 5.6-க்குப் போய் உள்ளே வரும் ஒளி குறைந்துவிடும், மண்டப வெளிச்சத்துக்கு அது தாங்காது. இரண்டாவது லென்ஸ் 85 எஃப் 1.8. மெயின் ஆள் மேடைக்கு நேர் எதிரே நிற்பார், அவர் பக்கத்தில் வீடியோக்காரர். உங்களுக்குக் கிடைப்பது பக்கவாட்டு இடம்தான். நாத்தனார் மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்று முடி போடும்போது ஜடையும் பூவும் மாலையும் கழுத்தை மறைத்துவிடும். விரலும் மஞ்சள் கயிறும் தெரிகிற கோணம் பக்கவாட்டில்தான் கிடைக்கும், அதற்கு 85 அல்லது 70-200. கெட்டி மேளம் ஒலித்ததும் அட்சதையும் பூவும் லென்ஸுக்கு முன்னால் பறக்கும், ஆட்டோ ஃபோகஸ் அதைத் துரத்தப் பார்க்கும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸை அந்த விரல்களில் வையுங்கள். கேமராவில் ட்ராக்கிங் சென்சிடிவிட்டி இருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள்.

70-200 எஃப் 2.8-ஐ முதல் வருஷத்தில் வாங்க வேண்டாம். சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக்குக் கிடைக்கும். அடையாள அட்டையும் அட்வான்ஸும் கேட்பார்கள், பெரிய முகூர்த்த நாள் என்றால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

லென்ஸைவிட முக்கியம் ஃப்ளாஷ். அசிஸ்டென்டுக்குப் பெரும்பாலும் ட்ரெடிஷனல் பக்கம்தான் வேலை: ரிசப்ஷன் மேடையில் வரிசையாக வருகிறவர்களை மூன்று மணி நேரம் நிற்காமல் எடுக்க வேண்டும். ஏஏ பேட்டரி நான்கு போடும் கோடாக்ஸ் டிடி685, முழுப் பவரில் திரும்பச் சார்ஜ் ஆக 2.6 விநாடி வரை எடுத்துக்கொள்ளும். லித்தியம் பேட்டரி கொண்ட வி860 மார்க் 2-க்கு 1.5 விநாடி. அந்த ஒரு விநாடியில் குடும்பத்தில் ஒருவர் கண்ணை மூடிவிடுவார், அடுத்த குடும்பம் மேடை ஏறிவிடும். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600-க்கு ஏற்றி ஃப்ளாஷை எட்டில் ஒரு பங்கு பவரில் வைத்தால் சார்ஜும் வேகமாகும், ஃப்ளாஷும் சூடாகி நிற்காது. குரூப் போட்டோவுக்கு எஃப் 5.6. பின்வரிசை ஃபோகஸ் அவுட் ஆவது எஃப் 2.8-இல் எடுப்பதால்தான். ஜூமை 24 எம்எம்முக்குக் கொண்டுபோனால் ஓரத்தில் நிற்கும் அத்தையும் சித்தப்பாவும் அகலமாக இழுபட்டுத் தெரிவார்கள், 35-க்குக் கீழே இறங்காதீர்கள்.

மெயின் ஆளும் கோடாக்ஸ் வைத்திருந்தால் சேனல் எண்ணைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ட்ரிக்கரும் ஒரே சேனலில் இருந்தால், நீங்கள் கிளிக் செய்யும் ஒவ்வொரு முறையும் அவருடைய லைட்டும் அடிக்கும். அவர் அழுத்தும்போது அது சார்ஜ் ஆகியிருக்காது, படம் இருட்டாக வரும். இன்னொன்று, ஃப்ளாஷைக் கூரையில் அடித்துத் திருப்பும் வித்தை நம் மண்டபங்களில் பாதி நேரம் பலிக்காது. ஒன்று கூரை மிக உயரம், இல்லாவிட்டால் ரோஸ் நிறத் துணி கட்டியிருப்பார்கள், முகமெல்லாம் ரோஸாகிவிடும். ஹோமப் புகைக்கு நேரே அடித்தால் புகைதான் வெளுக்கும், முகம் மங்கும். ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, லைட் பிடிக்கும் தம்பியை 45 டிகிரி பக்கவாட்டில் நிறுத்துங்கள்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மண்டபத்தின் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 1/100 விநாடியில் வைத்தால் அந்தத் தொல்லை பெருமளவு அடங்கும். சைலன்ட் ஷட்டரை அணைத்துவிடுங்கள், அதில்தான் படம் முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு விழும். மேடைக்குப் பின்னால் எல்இடி வால் இருந்தால் அதன் மினுக்கல் வேகம் வேறு. ஆட்கள் வருவதற்கு முன்பே இரண்டு மூன்று ஷட்டர் வேகத்தில் எடுத்துப் பாருங்கள்.

அரக்குச் சிவப்புக் கூரைப்புடவையும் சோதனைதான். சாதாரண ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) ஒழுங்காகக் காட்டும், ஆனால் நிறங்களைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமில் சிவப்பு மட்டும் வலது ஓரத்தை முட்டிக்கொண்டிருக்கும். அப்படி எடுத்தால் ஜரிகைக்குப் பக்கத்துப் பட்டு நெசவு கரைந்து வெறும் சிவப்புத் திட்டாகிவிடும். பல ஆயிரம் கொடுத்துக் காஞ்சிபுரத்தில் எடுத்த புடவை ஆல்பத்தில் அப்படித் தெரிவது அந்த வீட்டுக்குச் செய்யும் அநியாயம். வெளிச்சத்தை ஒரு ஸ்டாப்பில் (வெளிச்ச அளவின் ஒரு படி) மூன்றில் இரண்டு பங்கு குறைத்து எடுங்கள், ராவில் முகத்தைத் தூக்கிக்கொள்ளலாம்.

சென்னை ஈரத்துக்கு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும் போட்டு லென்ஸை வையுங்கள், 40 முதல் 50 சதவீதம் சரி. ஏசி ஹாலிலிருந்து மாப்பிள்ளை அழைப்புக்கு வெளியே வந்தால் லென்ஸ் முகம் பனி படிந்ததுபோல் மங்கிவிடும், துடைத்தாலும் திரும்ப வரும். அரை மணி முன்னதாகவே பையை ஏசி இல்லாத இடத்துக்கு மாற்றி, மூடியபடியே விடுங்கள்.

வாங்குவதற்கு நல்ல நேரம் ஆடி. முகூர்த்தம் இருக்காது, ஆவணிக்குள் கைப் பழகிவிடும்.

கார்டு 64 ஜிபியாக நான்கு போதும். ஏ7 மார்க் 3-இல் சுருக்காத ரா ஒன்று 47 எம்பி அளவில் வரும், அப்படியானால் ஒரு கார்டில் 1,250 படம் மட்டில் பிடிக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ பர்மா பஜாரிலோ பில் இல்லாமல் வாங்காதீர்கள். வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக்க நிரப்பிச் சோதியுங்கள். போலிக் கார்டு முதல் சில ஜிபிக்கு ஒழுங்காக வேலை செய்யும், அதற்கு மேல் எழுதுவதெல்லாம் காணாமல் போகும். கல்யாணத்தன்று மண்டபத்துக்குள் நுழைந்ததும் உங்கள் கேமரா கடிகாரத்தை மெயின் ஆளின் கேமராவோடு விநாடி வரை ஒன்றாக வையுங்கள். இரண்டு பேர் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களை எடிட்டர் நேரத்தை வைத்துத்தான் வரிசைப்படுத்துவார். முடிந்ததும் கார்டை அவரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டேன் என்று அவர் சொல்லும் வரை பேக்கப் கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள்.