ஓசூர் மேகத்துக்கு நடுவே கொஞ்சம் வானம்

ஓசூரில் விடிகாலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பவர்கள் யாராவது இதைப் படித்தால், நாளைக்கு போனைப் பையில் வைத்துவிட்டு, தெருவிளக்கு முதுகுக்குப் பின்னால் வருகிற மாதிரித் திரும்பி நின்று வானத்தைப் பாருங்கள். போன அக்டோபர் நடுவில் ஒரு நாள் நான் அப்படித்தான் நின்றேன். முதல் நாள் ராத்திரி நல்ல மழை, புழுதியும் புகையும் அடங்கியிருந்தன. பாதி வானத்தில் மேகம். மீதிப் பாதியில், தெற்கே நல்ல உயரத்தில், வெள்ளை வெளேரென்று ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, கட்டடங்களுக்கு மேலே இன்னொன்று.

மேலே இருந்தது சிரியஸ். இரவில் தெரிகிற நட்சத்திரங்களில் அதைவிடப் பிரகாசமானது கிடையாது. கீழே இருந்தது கனோபஸ், நம்மவர்கள் அகத்தியர் நட்சத்திரம் என்பார்களே அதுதான், பிரகாசத்தில் இரண்டாவது இடம். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அது வானத்தில் சுமார் 10 டிகிரியை மறைக்கும். அந்தக் கணக்கில் கனோபஸ் நமக்கு அடிவானத்திலிருந்து இரண்டரை முஷ்டி உயரம் வரை ஏறுகிறது. டெல்லிக்காரர்களுக்கு ஒரு முஷ்டிகூட வராது, லண்டனில் இருப்பவர்கள் கண்ணில் அது படவே படாது. இவ்வளவு நல்ல இடத்தில் இருந்துகொண்டு இத்தனை வருஷம் நான் நிமிர்ந்தே பார்க்கவில்லையே என்று அன்றைக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

நேரம் இல்லை என்பது உண்மைதான். ஷிப்ட் முடிந்து வந்தால் சமையல், பையனின் வீட்டுப்பாடம், மறுநாளுக்கு மாவு. நேரம் கிடைக்கிற நாளில் மேகம் மூடியிருக்கும். நம் ஊர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அந்தக் குளிர்ச்சிக்காகத்தான் எல்லாரும் இந்த ஊரைப் பிடிக்கும் என்கிறார்கள், ஆனால் ஜூனிலிருந்து நவம்பர் வரை இரண்டு பருவமழைக்கும் நடுவே முழுசாகத் திறந்த வானம் எப்போதாவதுதான். போதாததற்கு வடமேற்கே 40 கிலோமீட்டரில் பெங்களூரு. அதன் வெளிச்சம் மேகத்தின் அடியில் பட்டு அந்தப் பக்கம் ராத்திரி முழுக்க வெளுத்தே கிடக்கும்.

அதனால் நல்ல வானத்துக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டேன். தினமும் பத்து நிமிஷம், மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அதே இடம், மேகத்தில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே பார்ப்பது. அவ்வளவுதான். ஓட்டை வழியாகப் பார்ப்பதில் ஒரு நல்லதும் இருக்கிறது. பக்கத்து நட்சத்திரங்கள் மறைந்திருப்பதால் கோடு போட்டு உருவம் பிடிக்க முடியாது, ஒற்றையாக நிற்பதை நிறத்தையும் துடிப்பையும் திசையையும் வைத்தே அடையாளம் கண்டாக வேண்டும். துடிக்காமல் நிலையாக எரிந்தால் பெரும்பாலும் கிரகம். ஆரஞ்சாக இருந்தால் ரோகிணியா, இன்னும் சிவந்த திருவாதிரையா என்று யோசிக்க வேண்டும். எந்த நட்சத்திரம் எங்கே என்று காட்டுகிற ஸ்டெல்லாரியம் ஆப்பைக் கடைசியில்தான் திறப்பேன், சரிபார்க்க மட்டும்.

திருவாதிரை என் ஜென்ம நட்சத்திரம். கோயிலில் அர்ச்சனைக்கு எத்தனையோ தடவை அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறேன், அது வானத்தில் எங்கே இருக்கிறது என்று 39 வயதில்தான் தெரிந்தது. சூரியன் இருக்கிற இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தால் பூமியையும் விழுங்கிவிடும், அவ்வளவு பெரிசு. 2019 கடைசியில் அது திடீரென்று மங்கி, வெடிக்கப் போகிறதோ என்றுகூடப் பேச்சு வந்தது, அப்புறம் பார்த்தால் அதுவே கக்கிய தூசி மறைத்திருக்கிறது. உங்கள் நட்சத்திரம் எது என்று பாருங்கள். சித்திரை, சுவாதி, மகம், கேட்டை என்றால் வெறுங்கண்ணுக்கே நன்றாகத் தெரியும்.

இன்னொன்று, ஒவ்வொரு நட்சத்திரமும் தினமும் சுமார் நான்கு நிமிஷம் முன்னதாக உதிக்கும், மாசத்துக்கு இரண்டு மணி நேரம். அதனால் இந்த வாரம் மேகத்தில் தவறவிட்டது ஓடிப்போய்விடாது, அடுத்த வாரம் அதே நேரத்துக்குக் கொஞ்சம் மேற்கே நிற்கும்.

டெலஸ்கோப் வாங்கலாமா என்று ஆபீஸில் இரண்டு பேர் கேட்டார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பேன். நான் வாங்கியது 10×50 பைனாகுலர். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் அகலம் 50 மில்லிமீட்டர். எடுத்து வைக்க அரை நிமிஷம் ஆகாது, மேகம் விலகுகிற இரண்டு நிமிஷத்துக்கு அதுதான் சரி. முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றினால் வியாழனுக்குப் பக்கத்தில் 1610இல் கலிலியோ பார்த்த நிலாக்கள் பொட்டுப் பொட்டாகத் தெரியும்.

நவம்பரில், அமாவாசை முடிந்து இரண்டாம் நாள், அதை அஞ்செட்டிப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்கு எடுத்துப்போனேன். ராகி முற்றி நிற்கும் சமயம், யானை இறங்கும், அப்பாவும் சித்தப்பாவும் முறைபோட்டுப் பரணில் காவல் இருப்பார்கள். அந்தக் காட்டோரத்தில் புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் ராத்திரியில் தனியாகத் திரியவே கூடாது, நானும் பரணை விட்டு இறங்கவில்லை. இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிஷமாவது வேண்டும். அப்பா காட்டுப் பக்கம் டார்ச் அடிக்கும்போதெல்லாம் பாதி நட்சத்திரம் அணைந்த மாதிரி ஆகிவிடும், மறுபடியும் முதலிலிருந்து.

"மூணு வெள்ளி உச்சிக்கு வந்தா உங்க சித்தப்பன் முறை," என்றார். ஓரியன் என்கிற வேட்டைக்காரன் உருவத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைச் சொல்கிறார். அன்றைக்கு அது உச்சிக்கு வர ஒன்றே முக்கால் ஆகும் என்று நான் ஆப்பில் பார்த்து வைத்திருந்தேன்.

நடுச்சாமத்தில் ஆறாமீன், அதாவது கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், தலைக்கு மேலே வந்தது. ஓலைக்கு வெளியே எட்டிப் படுத்துக்கொண்டு பைனாகுலரை அவரிடம் கொடுத்தேன். சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

"ஆறுன்னு சொன்னாங்களே பாப்பா. இங்க எண்ண முடியாம கொட்டிக் கிடக்குது."

மூணு வெள்ளி உச்சியைத் தாண்டி, சித்தப்பா வந்து கீழேயிருந்து குரல் கொடுத்தபோதும் பைனாகுலர் அவர் கையில்தான் இருந்தது.