ஆபரேஷன் தியேட்டரிலிருந்து கொழுப்புத் திசு: ஃபார்மலினுக்கு முந்திக்கொள்ளுங்கள்

ஆய்வுக்கு நோயாளியின் கொழுப்புத் திசு வேண்டுமென்றால் எதிக்ஸ் கமிட்டி அனுமதி, தமிழில் ஒப்புதல் படிவம் எல்லாம் இழுத்தடித்தாலும் ஒருவழியாக முடிந்துவிடும். தொல்லை தொடங்குவது தியேட்டர் வாசலில்தான்.

உடல்பருமன் அறுவையில் எடுத்த ஒமெண்டம் (வயிற்றுக்குள் குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புப் படலம்) துண்டு, நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஃபார்மலின் (திசுவை அழுகாமல் பதப்படுத்தும் திரவம்) டப்பாவில் மிதந்துகொண்டிருந்தது. "எல்லாம் பேத்தாலஜிக்குத்தானே சார் போகும்?" என்றார் டெக்னீஷியன். ஃபார்மலின் பட்டால் உயிருள்ள செல்லும் கிடையாது, உருப்படியான ஆர்.என்.ஏ.வும் கிடையாது, மெழுகில் பதித்துச் சாயமேற்றிப் பார்க்கலாம், அவ்வளவுதான். மீடியம் (செல்களை உயிரோடு வைக்கும் கரைசல்) ஊற்றிய குழாய்களைக் காலையிலேயே ஸ்க்ரப் நர்ஸ் கையில் கொடுத்துவிடுங்கள். தோலடிக் கொழுப்புக்கு ஒரு நிற மூடி, வயிற்றுள் கொழுப்புக்கு வேறு நிறம். கலந்துபோனால் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, ஆய்வு கோவிந்தா. காட்டரி (சூட்டால் வெட்டும் கருவி) பட்டுக் கருகிய ஓரத்தை வெட்டி எறியுங்கள்.

ஆர்.என்.ஏ.வுக்கான துண்டு அங்கேயே திரவ நைட்ரஜனில் போகட்டும். செல் பிரிக்க வேண்டிய துண்டை மட்டும் ஐஸில் வைக்காதீர்கள். கொழுப்பு இறுகினால் செல்கள் உடையும்.

செல்களைப் பிரிக்க, அவற்றைப் பிணைத்திருக்கும் நாரை அரிக்கும் நொதியான கொலாஜினேஸ் மில்லிக்கு 1 மில்லிகிராம், 37 டிகிரி, மெதுவான குலுக்கல், சுமார் 45 நிமிடம். இந்த நொதிக்குக் கால்சியம் வேண்டும். கால்சியம் இல்லாத உப்புக் கரைசலான சாதாரண பி.பி.எஸ்.ஸில் கரைத்துவிட்டு "லாட் (தயாரிப்புத் தொகுதி) சரியில்லை" என்று கம்பெனியைத் திட்டுபவர்கள் உண்டு. லாட்டுக்கு லாட் வேகம் மாறுவதும் உண்மைதான்; புது பாட்டிலைச் சிறு துண்டில் சோதித்த பிறகே நோயாளி திசுவில் கை வையுங்கள். மேலே பளபளவென்று எண்ணெய் திரண்டால் நேரம் கூடிவிட்டது என்று அர்த்தம். கொடுமை என்னவென்றால், 100 மைக்ரானைத் தாண்டிப் பருத்த செல்கள்தான் முதலில் வெடிக்கும். நோயைப் புரிந்துகொள்ள நமக்கு வேண்டியதே அவைதான்! ஆகவே பிரித்த செல்களை மட்டும் அளந்து சராசரி சொல்லாதீர்கள், பிரிக்காத திசுவின் மெல்லிய வெட்டிலும் அளந்து பாருங்கள். செத்த கொழுப்பு செல்லைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் (செத்ததை விழுங்கும் நோயெதிர்ப்பு செல்கள்) கிரீடம்போல் வளைத்து நிற்பதும் அந்த வெட்டில்தான் தெரியும். பிரித்தபின் அந்த மேக்ரோஃபேஜ்கள் குழாயின் அடியில் வெறும் வண்டல்.

மிதக்கும் செல்களை எடுக்க பிப்பெட் டிப்பின் நுனியைக் கத்தரித்துக்கொள்ளுங்கள். ஆர்.என்.ஏ. எடுக்கத் திசுவை ட்ரைசாலில் (செல்லைக் கரைக்கும் திரவம்) அரைத்தபின், குளோரோஃபார்ம் சேர்ப்பதற்கு முன்பே ஒருமுறை 12,000 ஜி, 4 டிகிரியில் 10 நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள். மேலே படியும் எண்ணெயைக் குத்தி அடியிலிருப்பதை உறிஞ்சி, டிப்பின் வெளிப்புறத்தைத் துடைத்த பிறகே அடுத்த குழாயில் விடுங்கள்.