உள்ளங்காலில் இருந்த மச்சம்

என் இடது உள்ளங்காலில், குதிகாலுக்குச் சற்று முன்னால், கடுகளவில் ஒரு மச்சம் பல ஆண்டுகளாக இருந்தது. கால் நகம் வெட்டும்போது கண்ணில் படும். அதற்கு மேல் அதைப் பற்றி யோசித்ததில்லை. ஒருநாள் அதன் ஒரு பக்கம் மட்டும் மை கசிந்ததுபோல் பரவியிருப்பதைக் கண்டேன். வலி இல்லை, அரிப்பும் இல்லை. அதனால்தான் நான்கு மாதங்களை வீணாக்கினேன். தோல் புற்றுநோய் வெள்ளைத் தோல் உடையவர்களுக்கே வரும் என்று நம்பியதும் ஒரு காரணம். கருமையான தோல் உடையவர்களுக்கு மெலனோமா என்னும், நிறமிச் செல்களில் தோன்றும் தோல் புற்றுநோய் அரிதுதான். ஆனால் வரும்போது பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலுமே வருகிறது என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

முதலில் அழகு சிகிச்சை நிலையம் ஒன்றுக்குப் போனேன். லேசரால் சுட்டு ஒரே நாளில் நீக்கிவிடலாம் என்றார்கள். ஏனோ மனம் ஒப்பாமல் திரும்பிவிட்டேன். பின்னர் நான் பார்த்த தோல் மருத்துவர், சுட்டிருந்தால் பரிசோதிக்க எதுவுமே மிஞ்சியிருக்காது என்றும், அடியில் எஞ்சியது பல காலம் கழித்தே தெரிய வந்திருக்கும் என்றும் சொன்னபோது எனக்கு உடல் நடுங்கியது.

அவர் மச்சத்தின் இரு பாதிகளும் ஒத்திருக்கின்றனவா, விளிம்பு ஒழுங்காக இருக்கிறதா, ஒன்றுக்கு மேற்பட்ட நிறங்கள் உள்ளனவா, 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலமா என்று வரிசையாகப் பார்த்தார். எல்லாவற்றையும்விட, அது மாறிக்கொண்டிருக்கிறதா என்ற கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். 6 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருப்பதாலேயே ஆபத்தில்லை என்று முடிவுகட்ட முடியாது என்றும் சொன்னார். அடுத்து டெர்மோஸ்கோப் என்னும் ஒளியுள்ள உருப்பெருக்கியை வைத்துப் பார்த்து, திரையில் எனக்கும் காட்டினார். உள்ளங்கால் தோலில் கைரேகைபோல் மேடும் பள்ளமுமாக வரிகள் ஓடுகின்றன. சாதாரண மச்சத்தில் நிறமி பெரும்பாலும் பள்ளங்களை ஒட்டி மெல்லிய கோடுகளாகப் படியும். என் மச்சத்திலோ மேடுகளின் மேல் பட்டையாகப் படிந்து, அவற்றின் நடுவே வியர்வைத் துளைகள் வெண்புள்ளிகளாக வரிசையில் நின்றன. அந்தப் படம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

மரத்துப்போக ஊசி போட்டு, மச்சத்தைச் சுற்றி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து முழுமையாக வெட்டி எடுத்தார்கள். அறுவையைவிட உள்ளங்காலில் போடும் ஊசிதான் தாங்க முடியாததாக இருந்தது. வெட்டிய துண்டைக் கெடாமல் காக்கும் பார்மலின் திரவத்தில் இட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை இருந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை.

மெலனோமா என்றுதான் முடிவு வந்தது. ஆனால் அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சொல்லை அல்ல, பிரெஸ்லோ தடிமன் என்னும் அளவை என்று மருத்துவர் விளக்கினார். கட்டி தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை மில்லிமீட்டரில் சொல்லும் கணக்கு அது. 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்னும் நோய்க்குறியியல் மருத்துவர் வகுத்தது. எனக்கு 0.4 மில்லிமீட்டர், மேல்தோலில் புண்ணும் இல்லை. 0.8 மில்லிமீட்டருக்குக் குறைவாகவும் புண் இல்லாமலும் இருந்ததால், நோய் பரவியிருக்கிறதா என்று அறியத் தொடை இடுக்கில் நிணநீர்க் கணுவை எடுத்துச் சோதிக்கத் தேவையில்லை என்றார்கள். கையால் அழுத்திப் பார்த்ததோடு விட்டார்கள். இரண்டாவது அறுவையில் தழும்பைச் சுற்றி 1 சென்டிமீட்டர் தோலை எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். காலை ஊன்றாமல் பல வாரங்கள் இருக்க வேண்டியிருந்தது. ஒட்டிய தோலைவிட, தோல் எடுத்த தொடைதான் அதிகம் எரிந்தது.

இப்போது குறிப்பிட்ட இடைவெளியில் உடல் முழுவதையும் பரிசோதித்துக்கொள்கிறேன். மாதம் ஒருமுறை விரலிடுக்கு, நகம், உச்சந்தலை, முதுகு எல்லாவற்றையும் வீட்டாரின் உதவியோடு பார்க்கிறேன். மச்சங்களை அருகில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிடுகிறேன். மற்ற மச்சங்களோடு சேராமல் தனித்துத் தெரியும் மச்சத்தையே முதலில் கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சென்ற மாதம் வலது கை கட்டைவிரல் நகத்தில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. இம்முறை நான்கு மாதங்கள் காத்திருக்கவில்லை, மறுநாளே காட்டினேன். கோடு மெல்லியதாகவும் ஒரே சீராகவும் இருக்கிறது, நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கு நிறம் பரவவில்லை, மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.