கடைமடையில் யார் தண்ணீர் கேட்கிறார்கள்? ரத்தக்குழாய் ஸ்கேன் தேர்வுக்கு இரண்டு முறை படித்த அனுபவம்

முதல் முறை எழுதியபோது எனக்குக் கிடைத்தது 531. தேர்ச்சிக்கு 555 வேண்டும். 300 முதல் 700 வரை மதிப்பெண் தரும் தேர்வில் 24 குறைவு என்பது பெரிய தூரமில்லை என்று தோழிகள் ஆறுதல் சொன்னார்கள். என் மனம் ஆறவில்லை. படிக்காமல் தோற்றிருந்தால் படித்துவிடலாம். நானோ நான்கு மாதம், வேலை முடிந்து வந்து, அட்டவணை அட்டவணையாக மனப்பாடம் செய்திருந்தேன். கழுத்துத் தமனியில் ரத்த வேகம் எத்தனை, சிறுநீரகத் தமனியில் எத்தனை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தேர்வு அறையில் என் முன் வந்தவை பெரும்பாலும் படங்கள், ரத்த ஓட்டத்தின் அலைவடிவங்கள், நோயாளியைப் பற்றிய இரண்டு வரி விவரங்கள். அவற்றின் முன்னால் என் அட்டவணைகள் ஊமையாகிவிட்டன.

நான் சொல்வது அமெரிக்காவில் ஏஆர்டிஎம்எஸ் என்ற, அல்ட்ராசவுண்ட் பணியாளர்களுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பு நடத்தும் ஆர்விடி (ரத்தக்குழாய் ஸ்கேன் தொழில்நுட்பர்) சான்றிதழுக்கான தேர்வைப் பற்றி. இதில் இரண்டு தாள்கள். ஒன்று எஸ்பிஐ எனப்படும் அல்ட்ராசவுண்ட் இயற்பியலும் கருவி இயக்கமும். மற்றது ரத்தக்குழாய்களுக்கான சிறப்புத் தாள். ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டிலும் தேற வேண்டும். சிறப்புத் தாளுக்கு 3 மணி நேரம், ஏறத்தாழ 170 கேள்விகள். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான். தேர்வில் வந்த கேள்விகளை வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறோம். அதனால் கீழே வரும் உதாரணங்கள் எல்லாம் என் பணியிலும் பயிற்சியிலும் பார்த்தவை.

ஊரிலிருந்து இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் அல்ட்ராசவுண்ட் கருவிகள் 1994ஆம் ஆண்டின் கருவின் பாலினம் அறிதலைத் தடுக்கும் சட்டத்தின் கண்காணிப்பில் இருக்கின்றன. அங்கே ஸ்கேன் செய்வது பெரும்பாலும் மருத்துவர்களே. இந்தச் சான்றிதழ் அங்கே சொந்தமாக ஸ்கேன் செய்யும் உரிமையைத் தந்துவிடாது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் பணத்தைக் கட்டுங்கள். மருத்துவர்களுக்கு ஆர்பிவிஐ என்ற தனித் தேர்வு இருக்கிறது.

தோற்ற பிறகு, எனக்குப் பயிற்சி கொடுத்த மூத்த சோனோகிராஃபரிடம் போய் நின்றேன். இருபது ஆண்டுக்கு மேல் இதே வேலையில் இருப்பவர். அவர் புத்தகம் எதையும் தரவில்லை. ஒரு துண்டு டேப்பை எடுத்து, திரையில் வேக எண்கள் தெரியும் மூலையில் ஒட்டிவிட்டார். "இரண்டு வாரம் இதை எடுக்காதே. அலையைப் பார்த்து, மேலே என்ன நடக்கிறது, கீழே என்ன நடக்கிறது என்று என்னிடம் சொல். அதற்குப் பிறகு எண்ணைப் பார்க்கலாம்" என்றார்.

முதல் மூன்று நாள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. நான்காம் நாள் எனக்கு அப்பாவின் வயல் நினைவுக்கு வந்தது. நாங்கள் டெல்டாக்காரர்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் விதத்தைப் பார்த்தே, மேலே மதகு எவ்வளவு திறந்திருக்கிறது, கீழே கடைமடையில் வயல்கள் காய்ந்து கிடக்கின்றனவா நிறைந்து நிற்கின்றனவா என்று அப்பா சொல்லிவிடுவார். ரத்தக்குழாயும் அப்படித்தான் பேசுகிறது. மூளை ஒரு நொடிகூடத் தாகம் தாங்காது. அதனால் கழுத்து வழியே மூளைக்குப் போகும் உட்கரோட்டிட் தமனியில் இதயம் விரியும் நேரத்திலும் ஓட்டம் நிற்பதில்லை. சிறுநீரகமும் அதே வகை. ஓய்வில் இருக்கும் கால் தசைக்கு அவ்வளவு ரத்தம் தேவையில்லை. அங்கே ஓட்டம் வேகமாக ஏறி, இறங்கி, ஒரு கணம் பின்னோக்கிப் போய், மறுபடி முன்னே வருகிறது. அதே கால் நடந்து களைத்தபின் அலை மாறிவிடும். குடலுக்குப் போகும் மேல் குடல்தமனி வெறும் வயிற்றில் ஒரு மாதிரியும், சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வேறு மாதிரியும் இருக்கும். அதனால்தான் அந்த ஸ்கேனுக்கு நோயாளியை வெறும் வயிற்றில் வரச் சொல்கிறோம். "கடைமடையில் யார் கேட்கிறார்கள்?" என்ற ஒரு கேள்வியில் என் பழைய குறிப்பேட்டின் பத்துப் பக்கங்கள் அடங்கிவிட்டன.

மதகு பாதி மூடியிருந்தால்? தண்ணீர் தாமதமாகவும் தளர்ந்தும் வரும். அடைப்புக்குக் கீழே உள்ள தமனியில் அலை செங்குத்தாக ஏறாமல், சரிவில் ஏறும் முதியவரைப் போல மெல்ல ஏறி மழுங்கிய முனையோடு இறங்கும். தொடைமடிப்பிலேயே இதைப் பார்த்தால், நீங்கள் புரோப்பை (தோலில் வைக்கும் ஸ்கேன் கருவிமுனையை) வைத்திருக்கும் இடத்தில் குற்றமில்லை. வயிற்றுக்குள், இடுப்புத் தமனியில் தேடுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இப்படி இருந்தால் மகாதமனியையோ இதயத்தையோ சந்தேகிக்க வேண்டும்.

இயற்பியல் தாளைப் பலரும் தனிச் சுமையாக நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். டாப்ளர் கோணத்தைப் பற்றி, அதாவது ஒலிக்கற்றைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையிலான கோணத்தைப் பற்றி மட்டும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். கருவி அந்தக் கோணத்தின் கொசைன் மதிப்பால் வகுத்துத்தான் வேகத்தைச் சொல்கிறது. உண்மைக் கோணம் 60 பாகை. நீங்கள் கோட்டைக் கவனமின்றி 65 பாகையில் வைத்துவிட்டீர்கள். வேகம் 18 சதவீதம் கூடுதலாகக் காட்டும். ஒருவருடைய உட்கரோட்டிட் தமனியில் உண்மை வேகம் நொடிக்கு 110 சென்டிமீட்டர் என்றால், திரையில் 130 வரும். பாதி அடைப்புக்கான எல்லையாகப் பலரும் வைத்திருக்கும் 125ஐத் தாண்டியதால், பெரிதாக ஒன்றுமில்லாத மனிதர் "பாதிக்கு மேல் அடைப்பு" என்ற அறிக்கையோடு வீட்டுக்குப் போவார். அவர் அன்றிரவு தூங்குவாரா? இதே 5 பாகைப் பிழை 20 பாகை அருகில் நேர்ந்தால் வித்தியாசம் 4 சதவீதம்தான். 75ஐ 80 என்று வைத்தாலோ கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. 60க்கு மேல் போகாதே என்ற விதி எனக்கு அன்றுதான் விதியாக இல்லாமல் நோயாளியின் முகமாகத் தெரிந்தது.

கரோட்டிட் தமனிப் பகுதிக்கு அதிக நாள் ஒதுக்குங்கள். அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் 2003ஆம் ஆண்டின் கதிரியக்க வல்லுநர்களின் ஒருமித்த அளவுகோலில், உச்ச வேகம் 125க்குக் கீழே என்றால் அடைப்பு 50 சதவீதத்துக்குக் குறைவு. 125 முதல் 230 வரை 50 முதல் 69 சதவீதம். 230க்கு மேல் 70 சதவீதமும் அதற்கு மேலும். 125 என்ற எல்லை பலரை மிகையாக நோயாளியாக்குகிறது என்று 2021இல் ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பின் குழு ஒன்று சுட்டிக்காட்டி, 50 சதவீத எல்லையை 180க்கு உயர்த்தவோ, 125ஐ வைத்துக்கொண்டால் உட்கரோட்டிட் வேகத்தைப் பொதுக் கரோட்டிட் வேகத்தால் வகுத்த விகிதம் 2 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்றும் பார்க்கவோ பரிந்துரைத்தது. ஆகவே எந்த அளவுகோலின்படி கேட்கிறார்கள் என்று கேள்வியை முழுதாகப் படியுங்கள்.

70 சதவீதம் ஏன் அவ்வளவு பெரிய கோடு? 1991இல் வெளிவந்த நாசெட் என்ற கரோட்டிட் அறுவைச் சிகிச்சை ஆய்வுதான் காரணம். பக்கவாத அறிகுறி வந்து, 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பும் இருந்தவர்களில், மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் அதே பக்கத்தில் மீண்டும் பக்கவாதம் வரும் அபாயம் 26 சதவீதம். அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்கு 9 சதவீதம். இதைப் படித்தபின் அந்த எண் மறக்கவே மறக்காது.

எண்கள் பொய் சொல்லும் இடங்களைத் தனியாக எழுதி வையுங்கள். ஒரு பக்கக் கரோட்டிட் முற்றிலும் அடைந்திருந்தால், மறுபக்கம் அதன் சுமையையும் தாங்குவதால் அங்கே வேகம் கூடும். அடைப்பு இல்லாமலேயே இருக்கலாம். இதயம் பலவீனமானவருக்கு வேகம் குறைந்து, உண்மையான அடைப்பு மறைந்துவிடும். அப்போதெல்லாம் உட்கரோட்டிட் வேகத்தைப் பொதுக் கரோட்டிட் வேகத்தால் வகுத்த விகிதம் கைகொடுக்கும். எல்லாவற்றிலும் ஆபத்தானது, நூலிழைபோல் ஓட்டம் மிஞ்சியிருக்கும் நிலை. வேகம் மிகக் குறைந்திருக்கும். அவசரப்பட்டால் "முழு அடைப்பு" என்று எழுதிவிடுவோம். முழு அடைப்புக்குப் பொதுவாக அறுவைச் சிகிச்சை கிடையாது. இருக்கும் ஒரு வாய்ப்பையும் நம் கையாலேயே மூடிவிடுகிறோம். கலர் அளவுகோலை இறக்கி, மெல்லிய ஓட்டத்தையும் காட்டும் பவர் டாப்ளரில் பொறுமையாகத் தேடாமல் அந்த வார்த்தையை எழுதவே கூடாது.

கால் தமனிகளில் ஏபிஐ (கணுக்கால்-கை அழுத்த விகிதம்) என்கிற எளிய வகுத்தல் கணக்கு. கணுக்கால் அழுத்தத்தை, இரண்டு கைகளில் எது அதிகமோ அந்த அழுத்தத்தால் வகுக்க வேண்டும். 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் நோய், 1.40க்கு மேல் போனால் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து அமுங்க மறுக்கிறது என்று பொருள். இந்த இரண்டாவது வரியை நான் மேலோட்டமாகக் கடந்துபோயிருந்தேன். ஊரில் என் பெரியப்பாவுக்கு நீண்டகால நீரிழிவு. காலில் ஆறாத புண்ணோடு போனவருக்கு ஏபிஐ 1.1 என்று வந்தது; ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று கேட்டு வீட்டில் எல்லோரும் நிம்மதியடைந்தோம். இரண்டு மாதத்தில் கட்டைவிரலை எடுத்தார்கள். ஓரளவு சுண்ணாம்பு படிந்த தமனி, நோயையும் மறைத்து, எண்ணையும் இயல்பு எல்லைக்குள் கொண்டுவந்து நிறுத்திவிடும் என்பது இந்தத் தேர்வுக்குப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. நீரிழிவு உள்ளவருக்கு எண் அழகாக இருந்தாலும் அலை மழுங்கியிருந்தால் கால் விரல் அழுத்தம் பாருங்கள். விரல் தமனிகளில் இந்தப் படிவு குறைவு. விரல் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்த விகிதம் 0.70க்குக் கீழே என்றால் நோய் இருக்கிறது. இந்தப் பகுதியைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

சிரைகளில் பெயர்தான் முதல் பொறி. தொடையில் ஓடும் ஓர் ஆழ்சிரையைப் பல காலம் "மேலோட்டத் தொடைச் சிரை" என்ற பொருள்படும் பெயரில் அழைத்துவந்தார்கள். பெயரைக் கேட்டு, அதிலிருக்கும் ரத்த உறைவைத் தோலடிச் சிரையின் உறைவு என்று எடுத்துக்கொண்ட மருத்துவர்கள் இருந்தார்கள். உறைவு நுரையீரலுக்குப் போய்விடக்கூடிய ஆழ்சிரை அது. இன்று வெறும் "தொடைச் சிரை" என்றே எழுத வேண்டும். பழைய பெயர் இன்னும் பல குறிப்புகளில் கிடக்கிறது, கவனம்.

உறைவு இருக்கிறதா என்று அறிய, குறுக்குவெட்டில் புரோப்பால் அழுத்தி, சிரையின் இரண்டு சுவர்களும் ஒட்டுகின்றனவா என்று ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். புதிய உறைவு சிரையை உப்ப வைத்திருக்கும், மெத்தென்று இருக்கும். பழையது சுருங்கி, வெளுத்து, சுவரோடு ஒட்டிக் கிடக்கும். ஒரு பக்கத் தொடைமடிப்பில் மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்காமல் ஓட்டம் ஒரே சீராக இருந்தால், கால் சிரை நன்றாக அமுங்கினாலும் இடுப்புச் சிரையில் தடை இருக்கலாம். இங்கேயும் வாய்க்கால் கணக்குதான், திசை மட்டும் வேறு. வால்வுப் பழுதுக்கு, தோலடிச் சிரையில் அரை நொடிக்கு மேலும், தொடை, முழங்கால் சிரைகளில் ஒரு நொடிக்கு மேலும் பின்னோட்டம் இருந்தால் பழுது என்பதை நினைவில் வையுங்கள்.

வயிற்று மகாதமனி வீக்கம் 3 சென்டிமீட்டரில் தொடங்குகிறது, அளப்பது வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை. டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் சேர்க்கும் இணைப்புக்கு, ஆறு வாரத்தில் நிமிடத்துக்கு 600 மில்லிலிட்டர் ஓட்டம், 6 மில்லிமீட்டர் அகலம், தோலிலிருந்து 6 மில்லிமீட்டருக்குள் ஆழம். அரிவாளணு ரத்தசோகை உள்ள குழந்தைகளின் மூளைத் தமனியில் சராசரி வேகம் நொடிக்கு 200 சென்டிமீட்டரைத் தொட்டால் பக்கவாத ஆபத்து. இவை போன்றவற்றை மனப்பாடம் செய்வதுதான் வழி. ஒரு வாரம் போதும்.

இரண்டாவது முறை 14 வாரம் படித்தேன், ஒரு நாளுக்கு ஒன்றரை மணி நேரம். பாதி நேரம் புத்தகம். மீதி, அன்று நான் செய்த ஸ்கேன்களில் மூன்றை எடுத்து, நோயாளியின் பெயர் இல்லாமல், அலையைக் கையால் வரைவது. சிடி ஆஞ்சியோகிராம் எடுத்தவர்களின் முடிவு வந்ததும் என் கணிப்புக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்வேன். எங்கே நோயைச் சரியாகக் கண்டேன், எங்கே நோயில்லை என்று சரியாகச் சொன்னேன், எங்கே தவறவிட்டேன், எங்கே இல்லாத நோயைச் சொன்னேன் என்று நான்கு கட்டங்களில் அந்தக் குறிப்பு தானாக நிரம்பியது. தேர்வுப் பாடத்தில் வரும் உணர்திறன் (நோயுள்ளவரைக் கண்டுபிடிக்கும் அளவு), தனித்தன்மை (நோயில்லாதவரைச் சரியாக விலக்கும் அளவு) கணக்குகளுக்கு வேறு பயிற்சியே தேவைப்படவில்லை.

படக் கேள்வி எதுவாக இருந்தாலும் விடைகளைப் பார்க்கும் முன் நான்கைப் பாருங்கள்: கோணக் கோடு எங்கே, வேக அளவுகோல் எவ்வளவு, அடிக்கோடு புரட்டப்பட்டிருக்கிறதா, குழாயின் பெயர் என்ன. ஒருநாள் ஒரு நோயாளியின் இடது முதுகெலும்புத் தமனி எனக்குச் சிவப்பாக, கரோட்டிட் போலவே, தலையை நோக்கி ஓடுவதாகத் தெரிந்தது. இயல்பு என்று எழுதப் போனேன். அளவுகோலைப் பார்த்தால், முந்தைய படத்துக்காக நான் திசை புரட்டிய கலர் அப்படியே இருந்தது. சரிசெய்ததும் அது நீலமானது. ரத்தம் மூளையிலிருந்து கீழே இறங்கிக் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு கைகளிலும் அழுத்தம் பார்த்தேன். வலக்கை 148, இடக்கை 104. இடக்கைக்கு ரத்தம் தரும் காரையெலும்புத் தமனியின் தொடக்கத்தில் அடைப்பு.